கொண்டைக் கணக்கு

திபிலிசியில் எங்கள் நிலவறைக் கடையில்
யார் எத்தனை தின்றார் என்று கேட்பதில்லை.
கின்காலியின் கொண்டையைப் பிடித்துத் தூக்கி,
ஓரத்தில் சின்னதாய்க் கடித்து,
உள்ளே கொதிக்கும் சாற்றை முதலில் உறிஞ்சி,
மாவையும் இறைச்சியையும் தின்றுவிட்டுக்
கொண்டையை மட்டும் தட்டில் வைப்பார்கள்.
கெட்டி மாவு, சரியாக வேகாது. யாரும் தின்பதில்லை.
எத்தனை கொண்டையோ அத்தனை கின்காலி.
பொய் சொல்ல இடமில்லாத சாப்பாடு.

ஏழாம் எண் மேசை, வியாழக்கிழமை, நான்கு பேர்.
ஒன்பது வருடமாக நான்தான் பரிமாறுகிறேன்.
மல்காஸ் மெட்ரோ ரயில் ஓட்டுகிறவர்.
முன்பெல்லாம் அவர் தட்டில் இருபத்திரண்டு.
ஒருமுறை இருபத்தேழு.
சமையல்காரி எலிகோ கை துடைத்துக்கொண்டு வெளியே வந்து
யாரந்த மனுஷன் என்று பார்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் டாக்டர் ஒரு தாள் கொடுத்தாராம்.
நான்காக மடித்து
அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.
மெனுவைத் திறக்காமல் அதைத் திறக்கிறார்.
"வெள்ளரி, தக்காளி. வால்நட் விழுது வேண்டாம்.
எண்ணெய் வேண்டாம். உப்பு..."
தாளைத் திருப்பிப் பார்க்கிறார்.
"உப்பும் வேண்டாம்."
எழுத ஒன்றுமில்லை. எழுதிக்கொள்கிறேன்.

நாற்பது கின்காலி மேசைக்கு வந்ததும்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார்.
ஆவி படிகிறதாம்.
ஆவி அந்தப் பக்கம் போகவே இல்லை.

ரெவாஸ்தான் அந்த மேசைக்குத் தமாதா.
பெற்றோருக்கு ஒரு கோப்பை, போனவர்களுக்கு ஒரு கோப்பை,
ராத்திரியில் தண்டவாளம் பார்க்கிறவர்களுக்கு ஒரு கோப்பை.
மல்காஸ் சோடாத் தண்ணீரைத் தூக்கினார்.
தண்ணீரால் யாரையும் வாழ்த்தக் கூடாது.
ரெவாஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

பேச்சுக்கு நடுவில்
ஜெமால் தன் தட்டிலிருந்து ஒரு கொண்டையை எடுத்து
மல்காஸின் தட்டில் வைத்தார்.
நுக்சார் இரண்டு வைத்தார்.
ரெவாஸ் பேச்சை நிறுத்தாமலே மூன்று.
வெறும் தட்டோடு ஒருவன் உட்கார்ந்திருப்பதை
அவர்களால் பார்க்க முடியவில்லை போல.
ஒன்பது, பத்து என்று ஏறியபோது
மல்காஸ் முதுகை நிமிர்த்தினார்.

சியாலா படியிறங்கி வந்தது அப்போதுதான்.
குடை சொட்டியது. வெளியே மழை என்று
எங்களுக்கு அதுவரை தெரியாது.
தட்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது.
பதினொன்று.
நண்பர்கள் மூவரும் ஒன்றாய் வாய் திறந்து
ஒன்றாய் மூடிக்கொண்டார்கள்.
மல்காஸ் வாயே திறக்கவில்லை.
காட்டிக்கொடுப்பாரா அவர்களை?

அவள் குனிந்து
அவர் சட்டையை விரலால் தடவினாள்.
காலர், இரண்டாம் பொத்தான், வயிற்று மேடு.
மேடு கொஞ்சம் இறங்கியிருந்தது.
முப்பத்தோரு வருடமாக
வியாழக்கிழமைச் சட்டையை வெள்ளிக்கிழமை துவைக்கிறவள்.
சாறு சொட்டாமல் ஒன்றுகூடத் தின்னத் தெரியாதவர்,
சட்டை காய்ந்து கிடந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"ஒரு கின்காலி" என்றாள்.
ஐந்துக்குக் குறைந்து போடுவதில்லை என்றேன்.
பழகின வாய்.
என்னைப் பார்த்தாள்.
உள்ளே போனேன்.

எலிகோ ஒற்றை மாவு வட்டம் தேய்த்து
பத்தொன்பது மடிப்பு வைத்து
பெரிய பானையில் விட்டாள்.
அவ்வளவு தண்ணீரில் அது ஒன்று மட்டும்
சுற்றிச் சுற்றி வந்தது.
"யாருக்கு?" என்றாள். சொன்னேன்.
அடுப்பைக் கொஞ்சம் கூட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
மிளகு தூவினார். காத்திருந்தார்.
பிறகு மறுபடி மிளகு தூவினார்.
மேசையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை;
அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.
கடித்ததும் சொட்டியது,
இரண்டாம் பொத்தானுக்குக் கீழே.
சியாலா கைக்குட்டையைத் தேடவில்லை.

அவர்கள் எழுந்து கோட்டு மாட்டும்போது
தட்டை எடுத்தேன். தொட்டு எண்ணுவது என் பழக்கம்.
பன்னிரண்டு.
பதினொன்று ஆறிப்போய்க் கல்லாயிருந்தன.
ஒன்று மட்டும் இளஞ்சூடு.
அதில் பல் பதிந்திருந்தது.
கொண்டையையும் பாதி தின்றிருக்கிறார், மனுஷன்.